ஹைட்ரஜனின் இடமும் நமது தொழிலும்



நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கல்வியின் பெருமையைப் பொதுவாகப் புகழ்வதைவிட, ஒரு பாடத்தையே எடுத்துக் கூடிப் பயில்வது பொருத்தமெனக் கருதுகிறோம். அப்பாடம் ஹைட்ரஜன்.

2019ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், குடிநீரின்றி வாடிய சென்னைக்கு நமது ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் இரயில் சென்று சேர்ந்தது. 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் நீர். நீரின் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு ஹைட்ரஜன். ஆகவே, அவ்வொரு வண்டியில் மட்டும் ஏறத்தாழ 280 டன் ஹைட்ரஜன், ஆக்சிஜனோடு கூடிப் பயணம் செய்தது எனலாம்.

ஒரு புரோட்டான், ஓர் எலக்ட்ரான் என அணுக்களிலெல்லாம் எளிய அணு இது. ஆயினும், 1869இல் மெண்டலீவ் தனிம வரிசை அட்டவணையை வெளியிட்ட காலந்தொட்டு, இதற்குரிய இடம் எது என்னும் வழக்கு முற்றுப்பெறவில்லை.

பாடநூல்களில் இது முதல் தொகுதியில், சோடியம் முதலிய கார உலோகங்களுக்கு மேலே நிற்கக் காண்கிறோம். அவற்றைப் போலவே இதற்கும் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான். அதனை இழந்தால் நேர்மின் அயனி. ஆனால் சோடியம் கத்தியால் வெட்டத்தக்க உலோகம், ஹைட்ரஜனோ வாயு. குளோரினைப் போல ஈரணு மூலக்கூறாய் உலவுவது. ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க, மோல் ஒன்றுக்குச் சோடியத்திற்கு 496 கிலோஜூல் போதும். குளோரினுக்கு 1251, ஹைட்ரஜனுக்கு 1312 வேண்டும். நீரை மின்னாற்பகுத்தால் ஹைட்ரஜன் எதிர்மின்வாயில் வெளிப்படும். உருகிய லித்தியம் ஹைட்ரைடைப் பகுத்தாலோ, குளோரின் வெளிப்படும் அதே நேர்மின்வாயில் வெளிப்படும். எனவே சிலர் அதனை ஹாலஜன்களுக்கு மேலும், சிலர் எவரோடும் சேராமல் தனியேயும் வைப்பர். கட்டம் மனிதர் வகுத்தது. இயல்பு ஆராய்ந்து அறியவேண்டியது. கட்டத்தைக் கண்டு இயல்பை முடிவு கட்டுதல் அறிவுடைமை ஆகாது. இவ்வுண்மையை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, இப்பாடம் நமது தொழிலைத் தொடும் இடத்திற்கு வருவோம்.

தோல் பதனிடும் சாலையில், சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு மயிர் நீக்குகின்றனர். அப்போது நீரின் காரத்தன்மை பி.எச். அளவில் 12 வரை இருக்கும். பின்னர், குரோமியம் ஏற்றுவதற்கு முன், உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் தோலை ஊறவைக்கின்றனர். அங்கே பி.எச். ஏறத்தாழ 3. இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு பத்து மடங்கு பெருகும். ஒன்பது படி இறங்கினால் நூறு கோடி மடங்கு. எலக்ட்ரானை இழந்து நிற்கும் அந்த ஹைட்ரஜனே அமிலத்தின் ஆற்றல்.

அவ்வமிலக் கழிவு, எஞ்சிய சல்பைடோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கும். தேங்கிய சேற்றில் நுண்ணுயிர்களும் இதனை உண்டாக்கும். ஆக்சிஜனும் கந்தகமும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. ஆயினும் ஹைட்ரஜன் ஒன்றோடு சேர்ந்தால் உயிர் காக்கும் நீர். மற்றொன்றோடு சேர்ந்தால் உயிர் குடிக்கும் நஞ்சு.

அழுகிய முட்டையின் நாற்றம் இதன் அடையாளம் என்பர். ஆனால் காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே, சில நிமிடங்களில் மூக்கின் உணர்வு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிற்று என எண்ணுவோன் ஏமாறுவான். ஆயிரத்தில் ஒரு பங்கானால் ஓரிரு மூச்சிலேயே வீழ்வான். காற்றைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு கனமானதால், அது குழியின் அடியிலேயே தங்கும். வீழ்ந்தவனைத் தூக்க இறங்கிய உறவினரும் அடுத்தடுத்து வீழ்வது இதனாலேயே.

சாக்கடைகளிலும் மலக்குழிகளிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. சாக்கடைப் பணியில் மாண்டோர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்க உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. எனினும் இழப்பீடு உயிராகாது. குழியின் காற்றைக் கருவியால் அளக்காமலும், புதுக்காற்றைச் செலுத்தாமலும், சுவாசக் கருவி அணியாமலும் எவரும் இறங்கலாகாது. மூக்கில் கட்டிய கைக்குட்டை இவ்வாயுவைத் தடுக்காது.

மாணவச் செல்வங்களே! ஹைட்ரஜனின் இடம் எதுவெனத் தேர்வில் கேட்டால் விடை எழுதி மதிப்பெண் பெறுங்கள். அத்தோடு நில்லாது, இன்றிரவு இப்பாடத்தைத் தோல் வேலைக்குச் செல்லும் தந்தைக்கும் தமையனுக்கும் எடுத்துரையுங்கள். "இறங்கு" என்று மேலாளர் சொல்லும்போது, "காற்றை அளந்தீர்களா?" என்று கேட்கும் துணிவை அறிவே தரும். அத்துணிவை ஊட்டுவதே நமது சங்கத்தின் பணி.