போர்க் கணக்கைக் கேட்ட பாட்டு
(சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சம்பளக் கூட்டத்தில் பாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பொறுங்கள், சம்பளத்துக்கே வருகிறோம்.

1961 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் பதவியிலிருந்து இறங்கும்போது ஓர் எச்சரிக்கை விடுத்தார். இராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்து, அளவு மீறிய செல்வாக்குப் பெற்றுவிடும் ஆபத்து இருக்கிறது என்றார். சொன்னவர் படைத் தளபதியாக இருந்தவர், தொழிற்சங்கவாதி அல்ல!

1963-இல் பாப் டிலன் என்ற இளைஞர், பழைய நாட்டுப்பாடல் மெட்டு ஒன்றை எடுத்து, 'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்' என்ற பாட்டை இசைத்தட்டில் பாடினார். சிப்பாயை அவர் திட்டவில்லை. ஆயுதம் செய்து விற்றுவிட்டுத் தான் மட்டும் பத்திரமாக இருப்பவனைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டார். முடிவில் அவன் சாவையே விரும்பிப் பாடுகிறார். ஜூடி காலின்ஸ் என்ற பாடகி அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டே பாடினார். அம்மையார் செய்தது சரி என்பது நம் எண்ணம். ஆத்திரம் நியாயமானதுதான், ஆனால் சாபம் விட்டால் கணக்குத் தீராது.

1964-இல் பஃபி செயின்ட்-மேரி, 'யூனிவர்சல் சோல்ஜர்' என்ற பாட்டில் வேறு பக்கம் திரும்பிக் கேட்டார்: சிப்பாய் துப்பாக்கி தூக்காவிட்டால் போர் ஏது? அவனுக்கு ஆணையிடும் அதிகாரம் யாரிடமிருந்து வருகிறது?

இந்தக் கேள்வி நம் லயத்து வாசலுக்கும் வருகிறது. 1950 ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. வெளிநாடுகள் ரப்பரை வாங்கிக் குவித்தன. 1949-இல் ராத்தல் 40 காசு அளவில் கிடந்த ரப்பர், 1951 தொடக்கத்தில் 2 வெள்ளியைத் தாண்டியது. பால்வெட்டுக் கூலியும் ஏறியது. எங்கோ பிணம் விழுந்ததால் வந்த ஏற்றம் அது! பிறகு அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை முடுக்கிவிட்டது, வாங்கிக் குவிப்பதும் அடங்கியது, விலை சரிந்தது. கூலியும் கூடவே இறங்கியது. ஆயுதம் விற்றவன் லாபத்தைத் திருப்பிக் கொடுத்தானா?

இன்றும் போர் விமானத்தின் டயரில் நம் மரத்துப் பால் இருக்கிறது. ஆகவே, "எங்கேயாவது சண்டை வந்தால் நமக்கு நல்லது" என்று கடையில் உட்கார்ந்து பேசுகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சண்டையோடு ஏறி, சண்டையோடு இறங்கும் கூலி நமக்கு வேண்டாம். ரப்பர் விலை எப்படிப் போனாலும் குறையாத மாதச் சம்பளம் வேண்டும். அந்தத் தீர்மானத்தைச் செயலாளர் அடுத்து வாசிப்பார். அதற்கு முன் இரண்டு பாட்டையும் போடச் சொல்லியிருக்கிறோம். பொருள் விளங்காதவர்கள் கேளுங்கள், தமிழில் சொல்கிறோம்.