இரத்தம் ஊற உண்ணும் மருந்து



அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே கருவுற்ற பெண்ணொருத்தி கிளினிக்கிற்குச் சென்றால், இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கின்றது. ஆயினும் அம்மாத்திரை பல சமயங்களில் லயத்து அறையிலே ஒரு தகரப் பேணியிற் கிடந்துவிடுகின்றது. அலட்சியமே காரணம் என்று சொல்லிவிடுதல் எளிது, அது நியாயமன்று. மாத்திரை உண்டால் சிலருக்குக் குமட்டுகின்றது. மலமும் கறுத்துப் போகின்றது. விடிந்ததும் மலையேறிக் கொழுந்தெடுக்க வேண்டியவள் குமட்டலை எவ்வாறு பொறுப்பாள்? மலம் கறுப்பதற்கு உடலிற் சேராது மிஞ்சிய இரும்பே காரணம், அதனால் தீங்கில்லை என்பதை முன்னரே அவளுக்கு எடுத்துரைத்திருக்க வேண்டும். இரவு உணவின் பின் உண்டால் குமட்டல் பெரிதும் தணியும்.

மாத்திரையைத் தவறாது உண்பவளுக்கும் ஓர் இடையூறு உண்டு. அது அவள் கையாற் பறித்த இலையிலேயே இருக்கின்றது. தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு, குடல் அதனை ஈர்க்காதவாறு தடுத்துவிடும். 1975ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதனை அளந்து காட்டினார்கள். ரொட்டியிலுள்ள இரும்பில் நூற்றுக்குப் பத்துப் பங்களவு உடலிற் சேர்ந்தது. கூடவே தேநீர் அருந்தியபோது மூன்று பங்களவே சேர்ந்தது. ரொட்டியும் தேத்தண்ணீரும்! நமது மலையகத்துக் காலை உணவையே சோதித்தாற்போல் இருக்கின்றதன்றோ?

தேநீரை விட்டுவிடுங்கள் என்று நான் கூறமாட்டேன். குளிரிலும் மழையிலும் நிற்பவரிடம் அதைச் சொல்ல வாய் எழவில்லை. உணவுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமேனும் முன்பின்னாகத் தள்ளி அருந்தினாற் போதும். சுண்ணச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கலாகாது. வல்லாரைச் சம்பலிற் பிழியும் எலுமிச்சையோ இதற்கு நேர்மாறு. அதிலுள்ள உயிர்ச்சத்து ‘சி’ இரும்பு உடலிற் சேர உதவுகின்றது.

இனி, ‘இரத்த விருத்தி’ என்று கூவி விற்கப்படும் பெயர்ச்சீட்டற்ற லேகியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சித்த, ஆயுர்வேத வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி பதிவு பெற்ற வைத்தியர்கள் இருக்கின்றார்கள். அவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டறியலாம். சந்தையில் விற்றுவிட்டு அடுத்த ஊர் போனவரை எங்கே தேடுவது? அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப்புறக் கடைகளில் வாங்கிய எழுபது ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து, அவற்றுட் பதினான்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். ஈயம் குருதியின் செம்பொருள் உண்டாவதையே தடுப்பது. இரத்தம் ஊறும் என்று நம்பி உண்ட லேகியத்தில் ஈயம் இருந்தால், அதுவே சோகைக்குக் காரணமாகிவிடும். கருவிலுள்ள சிசுவையும் அது தாக்கும். ஆதலால், லேகியமோ கஷாயமோ உண்பவர்கள் அந்தப் போத்தலையே கிளினிக்கிற்கு எடுத்துச் சென்று காட்டுங்கள். ஏசுவார்களோ என்று மறைக்க வேண்டாம்.

அந்தத் தகரப் பேணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய்க்கு நன்மை செய்யும் இரும்பு மாத்திரையைச் சிறு குழந்தை மிட்டாயென்று எண்ணி ஒருசேரப் பலவற்றை விழுங்கினால், உயிருக்கே ஆபத்து. அவ்வாறு விழுங்கியதாகத் தெரிந்தால், வாந்தியும் வயிற்றுவலியும் வரட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். பேணியை இன்றே குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.