மறுமைக் கூலியும் மளிகைக் கடனும்



பெரியோர்களே, ஜமாஅத்தார்களே! நோட்டீஸில் எனக்குப் போட்ட தலைப்பு 'ஒற்றுமை'. அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை நடந்ததைப் பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நம் மக்தபில் ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். நிர்வாகத்தில் ஒருவர் சொன்னார்: "ஹஜ்ரத், உங்களுக்கு மறுமையில் கூலி இருக்கிறது!"

இருக்கிறது, யார் இல்லை என்றது? அலிஃபுக்கும் பேக்கும் திக்கிய பொடியன் ஒருநாள் யாசீனைத் தடங்கலில்லாமல் ஓதும்போது அவர் முகத்தைப் பாருங்கள், அதற்கு விலையே கிடையாது. அந்த முகத்தைக் காட்டி அரிசி வாங்க முடியுமா? பள்ளிக்கு ஏசி மாட்டினோமே, மாட்டியவரிடம் மறுமையில் கூலி என்றோமா? கந்தூரிக்குச் சோறாக்கிய பண்டாரியிடம் சொல்லித்தான் பாருங்களேன், கரண்டியோடு வருவார்! ஹஜ்ரத்துக்கு மட்டும்தான் மறுமையில் கூலி. அவர் பாடம் முடிந்ததும் அத்தரும் தொப்பியும் விற்கிறார். வெட்கமாக இல்லையா நமக்கு?

"ஓதிக்கொடுக்கக் கூலி வாங்கலாமா?" என்று ஒரு கிதாபுப் புலி உறுமுகிறது. ஒரு கூட்டத்தின் விஷக்கடி பட்ட தலைவருக்கு ஸஹாபாக்கள் பாத்திஹா ஓதி, கூலியாக ஆடுகள் வாங்கினார்கள். புகாரியில் இருக்கிறது. நாயகம் (ஸல்) கோபித்தார்களா? எனக்கும் ஒரு பங்கு வையுங்கள் என்றார்கள். மறுமை ஆடு இல்லை புலியாரே, நாலு காலில் நடந்த ஆடு!

ஹனஃபி மத்ஹபின் ஆரம்பகால இமாம்கள் கூடாது என்றார்கள், உண்மை. அப்போது ஆசிரியருக்கு பைத்துல்மாலிலிருந்து படி வந்தது. அது நின்றதும் அதே மத்ஹபின் பிற்கால உலமாக்கள் வாங்கலாம் என்று ஃபத்வா கொடுத்தார்கள். நீங்கள் பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பைத்துல்மாலை விட்டுவிட்டீர்கள்! 11ஆம் நூற்றாண்டில் அமைச்சர் நிஜாமுல் முல்க் பாக்தாதில் மதரஸா கட்டினார், இமாம் கஸ்ஸாலி ஓதிக்கொடுத்த இடம். சுவரோடு நிறுத்தவில்லை அவர், செலவுக்கு வக்ஃப் சொத்தும் எழுதிவைத்தார்.

நமக்கு வக்ஃப் இல்லையா? பஜாரில் வரிசையாகக் கடைகள்! மறுமைக் கூலி பேசிய அந்தப் பெரிய மனிதர் வியாபாரம் செய்வதே அதில் ஒன்றில்தான். வாடகை அவர் வாப்பா காலத்து வாடகை!

வருகிற ஜும்ஆ முடிந்ததும் வாடகை நோட்டைப் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். பெயர் பெயராக நானே வாசிக்கிறேன். மைக்கையும் அணைக்காதீர்கள்.