வளரும் பிள்ளையும் வளரும் மச்சமும்

சித்தூருக்கு அருகேயுள்ள காணிப்பாக்கத்து வரசித்தி விநாயகர் நாளுக்கு நாள் வளர்ந்து வருகிறார் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. பல ஆண்டுகளுக்கு முன் அளவெடுத்துச் செய்த வெள்ளிக் கவசம் இன்று மூர்த்திக்குப் பொருந்தவில்லை என்பதை அதற்குச் சான்றாகக் கூறுவர். நம்பிக்கை ஒருபுறமிருக்க, வளர்ச்சியை அறிய அவர்கள் கைக்கொண்ட முறை நல்ல முறை. பழைய அளவு ஒன்று கையில் இருந்தாலன்றி எது வளர்ந்தது, எது வளரவில்லை என்று எவரால் சொல்ல இயலும்?

காணிப்பாக்கத்தைத் தரிசித்துத் திருமலைக்குச் சென்று முடி காணிக்கை செலுத்தும் குடும்பங்கள் பல. முடி இறங்கியதும், பதினான்கு வயதுப் பையனின் உச்சந்தலையில் அதுவரை எவர் கண்ணிலும் படாத மச்சம் ஒன்று தெரியவரும். பாட்டி அதை அதிர்ஷ்டம் என்பாள், தாய் கலங்குவாள். கலங்க வேண்டுவதில்லை. தோலுக்கு நிறமளிக்கும் அணுக்கள் ஓரிடத்தில் திரண்டிருப்பதே மச்சம். நாற்பது வயது வரையிலும் புதிய மச்சங்கள் தோன்றலாம். பருவ வயதில் உடலோடு மச்சமும் சிறிது பெருத்துக் கறுப்பது இயல்பே.

பின் எப்போது வைத்தியரிடம் காட்டுவது? மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியை ஒத்திராமை, ஓரம் ஒழுங்கற்றுப் போதல், ஒரே மச்சத்தில் பல நிறங்கள், பென்சிலின் அடிமுனையளவான 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம் ஆகிய நான்கையும் நியூயார்க் மருத்துவர்கள் 1985இல் அடையாளங்களாக வகுத்தனர். சில வாரங்களிலோ மாதங்களிலோ காணும் மாறுதல் பிற்பாடு ஐந்தாவதாகச் சேர்ந்தது. ஆனால் இவை பெரியவர்களை நோக்கி வகுக்கப்பட்டவை. சிறு வயதினருக்கு மிக அரிதாக வரும் மச்சப் புற்றுநோய் கறுப்பே இன்றி, இளஞ்சிவப்பு நிறத்தில், உருண்டையான சிறு மேடாக எழுந்து விரைவில் பெருக்கக்கூடும். ஆகவே, 'கறுப்பாக இல்லையே' என்று ஆறுதல் கொள்வது தவறு. காரணமின்றி இரத்தம் கசிந்தாலும், புண்ணாகி ஆறாவிட்டாலும், உடலிலுள்ள மற்ற மச்சங்களைப்போல் இல்லாது ஒன்று மட்டும் தனித்துத் தோன்றினாலும் தாமதிக்கலாகாது. பிறவியிலேயே அமைந்த பெரிய மச்சத்தையோ தொடக்கம் முதலே மருத்துவர் பார்வையில் வைத்திருக்க வேண்டும்.

நம்மைப் போன்ற மாநிறத்தவர்க்கு இந்நோய் வருமாயின், வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவதுண்டு. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் இது இருப்பது 1977இல் தெரியவந்தது. 1981இல், தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார். நகங்கள் பலவற்றில் பழுப்புக் கோடுகள் இருப்பது நமக்குச் சாதாரணம். ஒரே நகத்தில் கோடு அகன்றுகொண்டே வந்தால் காட்டிவிடுக.

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பதையும், தலைமயிரால் இறுகக் கட்டி அறுப்பதையும் கைவிட வேண்டும். எரிந்துபோன மச்சத்தில் சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது. மருத்துவர் முழுவதுமாக அகற்றிச் சோதனைக்கு அனுப்பினால்தான் நோய் உண்டா, உண்டெனில் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் சென்றிருக்கிறது என்பது தெரியும். ஆழம் குறைவாயிருக்கையில் அகற்றினால் பெரும்பாலும் அதோடு குணம்.

பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக மச்சத்தின் இடத்தை எழுதுகிறோம், அளவை எழுதுவதில்லை. பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரு புகைப்படம் எடுத்துத் தேதி குறித்து வைத்தால் அக்குறை தீரும். மூன்று மாதம் கழித்து மற்றொன்று எடுத்து ஒப்பிடலாம்.

வெளிமாநிலத்திலிருக்கும் நேயர்களுக்கு ஒரு சொல் எச்சரிக்கை. இது என் தொழிற்பழக்கம். தெலுங்கில் 'புட்டுமச்ச', கன்னடத்தில் 'மச்செ' என்பதால் அங்கே இடரில்லை. ஹிந்தியிலோ 'மஸ்ஸா' என்றால் பெரும்பாலும் மரு. தில்லியில் நாம் மச்சம் என்று சொல்ல, மருவைத்தான் காட்ட வந்தோம் என்று எண்ணிவிடக்கூடும். அங்கே 'தில்' என்று சொல்லுங்கள். எள்ளுக்கும் அதுவே பெயர்.