வீதியில் நம் பெண்டிர்

(சாலாக் செலாத்தானில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலைக்கும் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் போகிற வழியில் நம் பெண்களுக்கு நேரும் தொல்லையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "சம்பளம் பேச வேண்டிய மேடையில் இது என்ன பேச்சு?" என்று பின் வரிசையில் யாரேனும் முணுமுணுக்கக் கூடும். அவர்களுக்காக முதலில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறோம்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் முன்னின்ற போராட்டம் அது. அன்று வைத்த கோரிக்கைகளைச் சம்பள உயர்வு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. சீனத் தொழிலாளருக்கு நிகரான சம்பளம் கேட்டது மெய். பிள்ளைகளுக்குப் படிப்பு, நல்ல மருத்துவம், கள்ளுக்கடையை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்டதும் மெய். அவற்றோடு வேறு இரண்டும் இருந்தன. துரையோ உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற இழிவு ஒழியவேண்டும் என்பது ஒன்று. தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் வெள்ளைத் துரைமாரும் 'கறுப்புத் துரைமாரும்' கைவைப்பது நிற்கவேண்டும் என்பது மற்றொன்று.

துரையைப் போலவே அதிகாரம் செய்த நம் நிறத்து உத்தியோகஸ்தர்களையே 'கறுப்புத் துரைமார்' என்றார்கள். இங்கே அமர்ந்திருக்கும் கிராணிமார் முகம் சுளிக்கவேண்டாம். உங்கள் மீது பழி போட இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பெண்களும் இன்று எங்கள் பெண்களோடு ஒரே பஸ்ஸில்தான் நிற்கிறார்கள்.

அந்தப் போராட்டம் மலிவாக முடியவில்லை. மே மாதத்தில் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். உயிர் கொடுத்துக் கேட்ட கோரிக்கைகள் அவை.

நிற்க. சைக்கிள் கோரிக்கை என்ன ஆயிற்று? யாரைக் கண்டும் இன்று எந்தத் தொழிலாளியும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்றாலே பேரப்பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். பாதையில் ஆண்பிள்ளையின் மானம் காக்கப்பட்டுவிட்டது. அதே தாளில் எழுதிய பெண்பிள்ளையின் மானம் எந்த நிலையில் இருக்கிறது?

இந்தச் சாலாக் செலாத்தானிலேயே பாருங்கள். கே.டி.எம். கொம்யூட்டர் நிலையம் இருக்கிறது, எல்.ஆர்.டி. நிலையம் இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்ட நம் குடும்பத்துப் பெண்கள், விடியுமுன் நிலையத்துக்கு நடக்கிறார்கள். ஒருத்தி பிரிக்பீல்ட்ஸில் கடை திறக்கவேண்டும். இன்னொருத்தி கிள்ளானில் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகவேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவன் வேகத்தைக் குறைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போகிறான். பஸ் நிறுத்தத்தில் இடம் இருந்தும் ஒட்டி உட்காருகிறான் ஒருவன். கூட்டத்தில் கை எங்கிருந்து வந்தது என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் நான்கு பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நம் பெண்கள் இதற்குச் செய்யும் உபாயங்களை எண்ணிப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. தோள்பையை முன்னால் மாட்டிக்கொள்கிறார்கள். யாரும் அழைக்காத கைப்பேசியில் "அண்ணா, வந்துவிட்டேன்" என்று உரக்கப் பேசுகிறார்கள். வயதான மலாய் அம்மாள் யாராவது இருக்கிறாரா என்று தேடி அவர் பக்கத்தில் போய் உட்காருகிறார்கள். தலைப்பில் ஊக்கு குத்திக்கொண்டு போவார்களாம் பாட்டிமார்; அந்த ஊக்கு இன்னும் கைப்பையில் இருக்கிறது. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு வேறு பாடு. பெரட்டு முடிந்து இருட்டில் நிரைக்குப் போகும்போது தனியாகப் போகாமல் ஜோடி சேர்ந்து போவது, இன்ன மண்டோர் சுற்றும் வேளையில் இன்ன பக்கம் குனிந்து நிற்காமலிருப்பது. பக்கத்து நிரையில் வெட்டும் இந்தோனேசியச் சகோதரிக்கு நம்மைவிட மோசம். வாய் திறந்தால் பெர்மிட் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு.

சங்கத்துக்குக் கணக்குத்தானே புரியும்? கணக்காகவே சொல்கிறோம். இருட்டுப் பாதைக்குப் பயந்து ஒரு பெண் நடையை விட்டு வாடகைக் காரில் போகிறாள், நாளுக்கு 5 வெள்ளி அதிகம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலைக்கு 130 வெள்ளி. 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. நூற்றுக்கு ஏழரை வெள்ளிக்கு மேல் வெட்டு! முதலாளி இப்படி ஒரு வெட்டு வெட்டியிருந்தால் மறியலுக்கு எத்தனை பேர் வந்திருப்போம்? மாலை ஷிப்டு வேண்டாம் என்று விட்ட கூடுதல் நேரச் சம்பளம் இதில் சேரவில்லை.

இதைவிடப் பெரிய வெட்டு நம் வீட்டுக்குள்ளே நடக்கிறது. மகள் அழுதுகொண்டு வந்து சொல்கிறாள். "நீ ஏன் அந்த வழியாகப் போனாய்? என்ன உடுத்தியிருந்தாய்? நாளை முதல் போகவேண்டாம்" என்கிறோம். செய்தவன் மறுநாளும் அதே நிறுத்தத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இவளுக்கு வேலை போயிற்று, படிப்பு போயிற்று. இதை ஒருமுறை கண்ட தங்கை, தனக்கு நேர்ந்தபோது வாயே திறப்பதில்லை. பிறகு "எங்கள் பகுதியில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை" என்று நாம் பெருமை பேசுகிறோம்!

'கேலி', 'கிண்டல்', 'சேட்டை' என்று இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்களும் இதைக் குழந்தை விளையாட்டாக்கிவிட்டன. சென்னையில் 1998-ஆம் ஆண்டு வாலிபர்களின் இந்த 'விளையாட்டில்' ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தாள். அதன் பிறகே தமிழ்நாட்டு அரசு அந்த ஆண்டே இதைத் தடுக்கத் தனிச் சட்டம் போட்டது. கதாநாயகியை வீதி வீதியாகத் துரத்திப் பாடுவதே காதல் என்று காட்டிய படங்களுக்கும் இதில் பங்கு உண்டு. படக்கொட்டகையில் நாமும் கைதட்டியவர்களே.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. சொல்லாலோ சைகையாலோ ஒரு பெண்ணின் மானத்தை அவமதித்தால் குற்றவியல் சட்டத்தின் 509-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. கைவைத்தால் 354-ஆம் பிரிவு; பத்தாண்டு வரை போகும், பிரம்படியும் உண்டு. விடாமல் பின்தொடர்வதையும் 2023-இல் குற்றமாக்கிவிட்டார்கள். 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் ஒரு நடுவர் மன்றத்தை அமைத்தது. அங்கே வழக்கறிஞர் வைத்துப் பணத்தைக் கரைக்கத் தேவையில்லை. 250,000 வெள்ளி வரை இழப்பீடு விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. 2010 ஏப்ரல் முதல் கொம்யூட்டர் ரயிலில் மகளிர் பெட்டியும் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் கூச்சமின்றி ஏறி உட்காரும் ஆண்களையும் நாம் பார்க்கிறோம். பெட்டி நல்லதே. ஆனால் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும் பாதையில் பெட்டி ஏது?

சட்டத்தைக் கையில் எடுத்துப் போனால் போலீஸ் நிலையத்தில் கேட்கும் முதல் கேள்வி: "யார் அவன்?" தெருவில் போனவன் பெயர் யாருக்குத் தெரியும்? ஆகவே இடம், நேரம், வண்டி எண், பஸ் எண், அவன் சட்டை நிறம், உடன் பார்த்தவர் யார் என்பதை அன்றே எழுதிவைக்கவேண்டும். மறுநாள் மறந்துபோகும். பார்த்தவர்தாம் இதில் முக்கியம். பார்த்தவர் பெரும்பாலும் ஆண்கள். அண்ணன்மாரே, அவனை அடிக்கவேண்டும் என்று உங்களைக் கேட்கவில்லை. அடிதடியில் வழக்கு உங்கள் மீது திரும்பும், அவன் தப்பிவிடுவான். அவளுக்கும் அவனுக்கும் நடுவே வந்து நில்லுங்கள். "தங்கச்சி, என்ன விஷயம்?" என்று உரக்கக் கேளுங்கள். பிறகு அவளோடு போலீஸ் நிலையம் வரை நடந்து, "நான் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். ஒரு நாள் சம்பளம் போகலாம். போராட்டங்களில் எத்தனை நாள் சம்பளத்தை விட்டிருக்கிறோம்!

செய்தவன் நம் சங்கத்து உறுப்பினனாகவே இருந்தால் என்ன செய்வது என்று ஒரு தாயார் எங்களைக் கேட்டார். கட்சி பார்க்காமல் கிளைக் கூட்டத்தில் அவனை நிறுத்திக் கேட்கவேண்டும். அவள் போலீசுக்குப் போக விரும்பினால் கிளைச் செயலாளர் உடன் போகவேண்டும். 'சமாதானமாகப் போங்கள்' என்று அவளிடம் பஞ்சாயத்துப் பேசுகிறவர் செயலாளராக இருக்கலாகாது என்பது எங்கள் அபிப்பிராயம். இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப்போகிறோம். எதிர்ப்பவர்கள் அன்று எழுந்து நின்று காரணம் சொல்லட்டும்.

வாசலில் மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். எந்தப் பாதையில் விளக்கில்லை, எந்த நிறுத்தத்தில், எந்த நேரத்தில் தொல்லை என்பதை அதில் எழுதுங்கள். பெயர் எழுதவேண்டியதில்லை. எழுத வராதவர்கள் சொன்னால் அங்கிருக்கும் இரு சகோதரிகள் எழுதிக்கொள்வார்கள். மாநகர் மன்றத்துக்கும் ரயில், பஸ் நிர்வாகங்களுக்கும் அனுப்பவேண்டிய மனுவை அதைக் கொண்டே தயாரிக்கிறோம். கடைசி பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது. ஜோடி சேர்ந்து போக ஆள் கிடைக்கும் வரை யாரும் கிளம்பவேண்டாம்.