தொட்டி நிறைந்தால் செய்தி வராது

ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று போனுக்குச் சொல்ல, மருமகன் ஒரு கருவி செய்து மாட்டினான். ஈஎஸ்பி-32 போர்டு, ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், அவ்வளவுதான். குடிதண்ணீருக்குக் காவிரியை நம்பியிருக்கும் ஊரில் தொட்டி வழிந்தால் யாருக்கும் மனசு பொறுக்காது.

கால் தொட்டி, அரைத் தொட்டி வரை செய்தி வந்தது. நிறையும் சமயம் பார்த்து நின்றுபோனது. எந்தச் செய்திக்காகக் கருவி வைத்தானோ அது மட்டும் வரவில்லை!

"ரவுட்டர் சரியில்ல மாமா, புதுசு வாங்கணும்" என்றான்.

வாங்க வேண்டாம் என்றேன். வைஃபை அறுந்தால் ரவுட்டரைத் திட்டுவது நம் பழக்கம். போர்டு தொட்டிக்கு மேற்கே இருந்தது, ரவுட்டர் கிழக்கு அறையில். இந்தப் போர்டு பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். அந்த அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும். காலித் தொட்டியைத் துளைத்துப் போன அலை, நிறைந்த தொட்டியிடம் தோற்றுவிட்டது. சிக்னல் அளவை எழுதிக்காட்டச் சொன்னேன். காலியாக இருந்தபோது மைனஸ் 68, நிறைந்தபோது மைனஸ் 88. மைனஸுக்குப் பின்னால் எண் பெருகப் பெருக சிக்னல் மெலிகிறது என்று அர்த்தம். போர்டைக் கிழக்குப் பக்கம் மாற்றி, சென்சார் ஒயரை மட்டும் நீட்டினோம்.

பாதி தீர்ந்தது. ஆனாலும் போர்டு இடையிடையே செத்துப் பிழைத்தது. கீழே கொண்டுவந்து லேப்டாப்பில் செருகினால் சமர்த்தாக ஓடும். மேலே போனால் பழைய கதைதான். கடைசியாக ஏன் அணைந்தாய் என்று போர்டையே கேட்கலாம், அதற்கு நிரலில் ஒரு வரி போதும். கேட்டோம். பிரவுன்அவுட் என்று பதில் வந்தது. அதாவது மின்னழுத்தம் சரிந்துவிட்டது. வைஃபையில் பேசும் நொடியில் இந்தப் போர்டு கால் ஆம்பியர் அளவுக்கு மின்சாரத்தை இழுக்கும். அதற்கு வந்ததோ, கீழ்வீட்டு சார்ஜரிலிருந்து பத்து மீட்டர் மெல்லிசுக் கேபிள் வழியாக. ஐந்து வோல்ட்டில் ஒரு வோல்ட்டை வழியிலேயே கேபிள் தின்றுவிடும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் தெரியாது. சரிவு மில்லிநொடிக் கணக்கு, மீட்டர் காட்டுவது சராசரி. சார்ஜரை மாடிப்படி அறைக்குக் கொண்டுபோய், கேபிளை ஒரு முழமாகக் குறைத்து, போர்டின் 3.3 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தோம்.

மூன்றாவது வம்பு நம் கரைக்கே உரியது. விடியற்காலையில் மட்டும் சென்சார் உளறியது, வெயில் ஏறியதும் தெளிந்தது. டப்பாவைத் திறந்தால் முனைகளில் வெள்ளைப் பூப்பு, செம்பில் பச்சை. உப்பு! காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கசியும், கசிந்தால் மின்சாரம் போகக் கூடாத பாதையில் போகும். இங்கே எந்த இரவு அதற்குக் குறைவாக இருந்திருக்கிறது? 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்த காற்று இது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். நாங்கள் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பல்துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்து, ஜம்பர் ஒயர்களைக் கழற்றி எறிந்து நேரே பற்றவைத்து, காப்பு வார்னிஷ் பூசினோம். டப்பா பிளாஸ்டிக்கில்தான் இருக்க வேண்டும். தகர டப்பாவுக்குள் ஆன்டெனா ஊமைதான்.

ராமேசுவரத்து லாட்ஜ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அமாவாசைக் கூட்டத்தில் உங்கள் கருவி திணறினால், ரவுட்டரின் சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பாருங்கள். பக்கத்து லாட்ஜும் அதே சேனலில் கத்திக்கொண்டிருக்கும்.

இப்போது காலை ஐந்தரைக்கு 'தொட்டி நிறைந்தது' என்று மருமகன் போனுக்குச் செய்தி வருகிறது. அவன் புரண்டு படுக்கிறான். மோட்டாரை நிறுத்த அக்காதான் எழுந்து போகிறாள்.