துறை கடந்த ஆய்வுப் பணிக்கு எத்தகையோரைத் தேடுகின்றனர்?



"முனைவர் பட்டம் பெற்றபின் துறை மாறினால், கற்றதெல்லாம் வீணாகாதா?" எனப் பெற்றோர் பலர் என்னிடம் வினவுவதுண்டு. வீணாகாது என்பதே என் விடை.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் உயிரியல் கற்க மீண்டும் மாணவரானார். அதன்பின் யேல் பல்கலைக்கழகத்தில் மேலாய்வாளராகச் சேர்ந்து, நியூட்ரான் சிதறல் என்னும் இயற்பியல் முறையால் ரைபோசோமை ஆராய்ந்தார். ரைபோசோம் ஆய்வே 2009இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கைப் பெற்றுத் தந்தது.

ஹியூமன் ஃபிரான்டியர் சயன்ஸ் புரோகிராம் என்னும் பன்னாட்டு அமைப்பு, இயற்பியல், கணிதம், பொறியியல், கணினியியல் முனைவர்கள் உயிரியலுக்கு வருவதற்கென்றே தனி ஆய்வு நல்கை வழங்குகிறது.

ஆய்வகத் தலைவர்கள் தேடுபவை மூன்று: ஒரு துறையில் ஆழம், மறு துறையில் தொடக்க மாணவராகும் பணிவு, தம் ஆய்வைப் பிற துறையினருக்கு விளக்கும் திறன்.

இளையோரே, விண்ணப்பத்தில் கற்ற மென்பொருள்களை மட்டும் அடுக்காதீர்கள். அந்த ஆய்வகத்தின் எந்த வினாவுக்கு உங்கள் திறன் எவ்வாறு உதவும் என்பதை எழுதுங்கள். பணி எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையும் முன்னரே கேட்டறியுங்கள்.

பெற்றோர்களே, துறை மாறும் பிள்ளை வழி தவறியவர் அல்லர். அவருக்குச் சற்றுக் காலம் கொடுங்கள்.